சின்ன ஹால்ல எக்ஸ்பெரிமென்டல் மியூசிக்கும் பொம்மையும் சேர்ந்து ஒரு ஈவினிங்: யார் யாரை ஃபாலோ பண்றது?

தகரச்சத்தம்:

வணக்கம் மக்களே, கேள்வி கொஞ்சம் நீளம், பொறுமையா படிச்சுட்டு பதில் சொல்லுங்க. நான் எக்ஸ்பெரிமென்டல் மியூசிக் பண்றவன். மெட்டு, தாளம்னு எதையும் பிடிச்சுக்காம சத்தத்தையே எடுத்து வாசிக்கிறதுதான் என் வேலை, தகரத் தட்டு, ஸ்பிரிங், பழைய கேசட் பிளேயர், சைக்கிள் கம்பின்னு கைக்கு கிடைச்சதுல எல்லாம் கான்டாக்ட் மைக் (பொருளோட அதிர்வையே நேரா எடுக்கிற மைக்) ஒட்டி சின்ன மிக்ஸர், லூப்பர் (வாசிச்சதைப் பதிஞ்சு திரும்பத் திரும்ப ஓட்டுறது), டிலே பெடல் (எதிரொலி மாதிரி தாமதமா திருப்பிக் கொடுக்கிறது) வழியா விடுவேன். என் ஃப்ரெண்ட் ஒருத்தி பொம்மை செய்வா, ஆட்டவும் ஆட்டுவா. நூல் கட்டுன பொம்மை இல்ல, மேஜை மேல நிக்க வச்சு பின்னாடி நின்னு கையால பிடிச்சு ஆட்டுற டைப். ரெண்டடி உயரம் இருக்கும், தலையும் கையும் மரம், உடம்பு துணி. ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு ஈவினிங் பண்ணலாம்னு முடிவு பண்ணிட்டோம். இடம் சின்னது, நாற்பது பேர் உக்காந்தா நிறைஞ்சிடும். மேடைன்னு தனியா கிடையாது, தரைதான்.

பிரச்சனை என்னன்னா, ரிகர்சல்ல ரெண்டுல ஒண்ணுதான் நடக்குது. நான் என் போக்குல வாசிச்சா பொம்மை சும்மா அலங்காரத்துக்கு நிக்குது. சரின்னு பொம்மையையே பார்த்துட்டு வாசிச்சா சினிமாவுக்கு ரீரெக்கார்டிங் பண்ற கணக்கா ஆயிடுது, அது நடந்தா டக் டக்னு நான் தட்டுறேன், அது தலையைக் குனிஞ்சா நான் நீளமா ஒரு ட்ரோன், அதாவது ஒரே ஸ்வரத்துல இழுத்துட்டே போற சத்தம் விடுறேன். அவளுக்கு இந்த ரெண்டாவது சுத்தமா பிடிக்கல. "என் பொம்மை என்ன நினைக்குதுன்னு நீ ஏன் முந்திக்கிட்டு சொல்லிடுற"ன்னு கேக்குறா. அது சரியான கேள்வி, எனக்கும் அதே உறுத்தல்தான்.

அதனால என் முதல் கேள்வி, யார் லீட் பண்ணணும், யார் ஃபாலோ பண்ணணும்? இல்ல இந்த லீட், ஃபாலோங்கிற யோசனையே இங்க வேலைக்கு ஆகாதா? கூடவே சத்தம் எவ்வளவு வைக்கலாம், லைட் எப்படி, எவ்வளவு நேரம் போகலாம், ஆரம்பிக்கும் முன்னாடி வந்தவங்களுக்கு ஏதாவது விளக்கம் சொல்லணுமா, இதெல்லாம் அனுபவப்பட்டவங்க சொன்னா ரொம்ப உதவியா இருக்கும்.

மரக்கை:

நான் பொம்மை ஆட்டுற பக்கம், அதனால அங்கேருந்தே சொல்றேன். உங்க ஃப்ரெண்ட் கேட்டதுலயே பாதி பதில் இருக்கு.

சினிமாவுல பேக்கிரவுண்ட் மியூசிக்னா என்ன? கதையில இருக்கிறவங்களுக்கு கேக்காத சத்தம். ஹீரோ அழுறான், வயலின் வருது, அந்த வயலின் நமக்குத்தான் கேக்குது, அவனுக்கு கேக்காது. உங்க ரிகர்சல்லயும் அதான் நடக்குது. நீங்க வாசிக்கிறது ஆடியன்ஸுக்கு கேக்குது, பொம்மைக்கு கேக்கல. பொம்மைக்கு காது கேக்க ஆரம்பிச்ச அந்த நிமிஷமே அது பேக்கிரவுண்டா இருக்காது, பொம்மை இருக்கிற உலகத்துல நடக்கிற ஒரு விஷயமா மாறிடும். நீங்க ஒரு ஸ்பிரிங்கை சுண்டுறீங்க, பொம்மை திரும்பிப் பாக்குது. அவ்வளவுதான், நாற்பது பேரும் பொம்மையையும் நம்பிடுவாங்க, ஸ்பிரிங்கையும் நம்பிடுவாங்க.

ஆனா திரும்புறதுல ஒரு வரிசை இருக்கு, அதை அவங்களுக்கு நான் சொல்லணும்னு இல்ல, உங்களுக்கு தெரிஞ்சா நல்லது. சத்தம் வந்த உடனே பொம்மை டக்னு திரும்பினா அது ஸ்விட்ச் போட்டு ஆன் பண்ண மெஷின். முதல்ல மூச்சு நிக்கணும். மணிக்கட்டை ஒரு விரல்கடை மேல தூக்கி அப்படியே பிடிச்சா பொம்மையோட நெஞ்சு ஏறி நின்ன மாதிரி தெரியும். அப்புறம் முகம் லேசா சாயும், எந்தப் பக்கம்னு தேடும், அதுக்கப்புறம்தான் தலை முழுசா திரும்பும், தோள் அதுக்கு பின்னாடி, கால் கடைசியா. இந்த முழு விஷயமும் ரெண்டு செகண்டுல முடிஞ்சிடும், ஆனா அந்த ரெண்டு செகண்டு நீங்க எதுவும் வாசிக்கக் கூடாது. அங்க இன்னொரு சத்தம் போட்டீங்கன்னா பொம்மை யோசிச்சது யாருக்கும் தெரியாம போயிடும்.

மூச்சுன்னு சொல்றது ஏதோ தத்துவமா சொல்றேன்னு நினைக்காதீங்க, கைவேலையாவே சொல்றேன். 1981ல தென்னாப்பிரிக்காவுல ஆரம்பிச்ச ஹேண்ட்ஸ்பிரிங் பப்பட் கம்பெனியைப் பாருங்க, 2007ல லண்டன்ல வந்த வார் ஹார்ஸ் நாடகத்துக்கு குதிரை செஞ்சவங்க அவங்கதான், ஒரு குதிரைக்கு மூணு பேர். அந்த குதிரை சும்மா நிக்கும்போதும் அதோட விலா ஏறி இறங்கிட்டே இருக்கும். அவங்க பொம்மைக்கு முதல்ல கொடுக்கிறதே மூச்சுதான், அசைவு எல்லாம் அதுக்கு அப்புறம். உயிர் இல்லாத ஒரு பொருளை உயிரோட இருக்குன்னு நாம ஒத்துக்கிறது அந்த சின்ன ஏற்ற இறக்கத்துலதான். நடை, கையசைவு, டான்ஸ் எல்லாம் அதை நம்ப வச்சதுக்கு அப்புறம் பண்ற வேலை.

அதனால ஒரு பயிற்சி சொல்றேன், செஞ்சு பாருங்க. கருவி எதையும் தொடாம பொம்மைக்கு எதிர்ல உக்காருங்க. அவங்க பொம்மையை மூச்சு மட்டும் விட வைக்கட்டும், வேற அசைவே வேண்டாம். நீங்களும் அதே வேகத்துல மூச்சு விடுங்க. கொஞ்ச நேரம் கழிச்சு ஒரே ஒரு பொருளை எடுங்க, தகரத் தட்டுன்னு வச்சுக்குவோம், பொம்மை மூச்சை வெளிய விடும்போது மட்டும் அதை லேசா தேய்ங்க. அப்புறம் மாத்துங்க, நீங்க எப்ப வேணா தேய்க்கலாம், மூச்சு அதுக்கு தகுந்த மாதிரி மாறணும். இதைச் செஞ்சா யார் லீட், யார் ஃபாலோங்கிற கேள்விக்கு உங்க ரெண்டு பேருக்கும் நடுவுலயே ஒரு பதில் வந்துடும். என்னோட பதில், எப்ப ஆரம்பிக்கணும், எப்ப நிறுத்தணும்கிறது பொம்மையோட மூச்சு முடிவு பண்ணணும். எந்தப் பக்கம் பாக்கணும், எதைக் கண்டு பயப்படணும், எதை நோக்கி போகணும்கிறது சத்தம் முடிவு பண்ணணும்.

இன்னொண்ணு, அவங்க கண்ணு எப்பவும் பொம்மையோட பிடரியில இருக்கணும். ஆட்டுறவங்க ஆடியன்ஸைப் பாத்தா ஆடியன்ஸ் பொம்மையை விட்டுட்டு ஆட்டுறவங்க முகத்தைப் பாக்கும். அதே மாதிரி நீங்களும் உங்க பெடலைக் குனிஞ்சு பாத்துட்டே இருக்காம நிமிர்ந்து பொம்மையைப் பாருங்க, அறையில ஒருத்தர் எதைப் பாக்கிறாரோ அங்கதான் மத்தவங்க பார்வையும் போகும்.

ஓசைப்பிரியன்:

மரக்கை சொன்னது எல்லாம் ஒத்துக்கிறேன், ஆனா பொம்மைக்கு காது கேட்டே ஆகணும்கிறதை மட்டும் என்னால முழுசா ஏத்துக்க முடியல. அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜும் டான்ஸ் அமைக்கிற மெர்ஸ் கன்னிங்ஹாமும் பல வருஷம் சேர்ந்து வேலை பண்ணினாங்க, அவங்க முறை என்ன, மியூசிக் தனியா, டான்ஸ் தனியா செய்யறது. எவ்வளவு நேரம்கிறது மட்டும்தான் ரெண்டுக்கும் பொது. டான்ஸ் ஆடுறவங்க பல தடவை முதல் ஷோ அன்னைக்குத்தான் அந்த மியூசிக்கையே கேப்பாங்க. அப்படி ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாம ஓடும்போது சில இடத்துல ரெண்டும் தானா வந்து மோதும் பாருங்க, அந்த மோதலை யாராலயும் முன்கூட்டி எழுதி வைக்க முடியாது. எக்ஸ்பெரிமென்டல்னு பேர் வச்சுட்டு ஒவ்வொரு சத்தத்துக்கும் பொம்மை திரும்பிப் பாத்தா, கொஞ்ச நேரத்துல அது ஒரு கேள்வி பதில் விளையாட்டா ஆயிடாதா?

இடம் சின்னதுன்னு யாரும் குறையா நினைக்க வேண்டாம். கேஜ் 1940 வாக்குல சியாட்டில்ல ஒரு டான்ஸுக்கு மியூசிக் எழுத வேண்டி வந்தப்போ அவர் மனசுல இருந்தது தாளவாத்தியக் குழு, அத்தனை பேரை உக்கார வைக்க மேடையில இடமே இல்ல, ஒரு பியானோ மட்டும்தான் இருந்துச்சு. அதனால பியானோ கம்பிகளுக்கு நடுவுல போல்ட்டு, ஸ்க்ரூ எல்லாம் சொருகி ஒரே ஆள் ஒரு தாளக்குழு மாதிரி வாசிக்க வச்சார். பிரிப்பேர்டு பியானோன்னு இன்னைக்கு சொல்றோமே, அது வந்ததே இடம் பத்தாததாலதான். உங்க தரையும் நாற்பது சீட்டும் உங்களை எதுக்கு தள்ளுதுன்னு பாருங்க, பெரிய ஹால்ல பண்ண முடியாத ஒண்ணு அங்க கண்டிப்பா இருக்கும்.

விளக்கம் பத்தி கேட்டிருந்தீங்க. ஷோவுக்கு முன்னாடி இது எதைப் பத்தினதுன்னு சொல்லவே சொல்லாதீங்க. எவ்வளவு நேரம் போகும், நடுவுல எழுந்து போகலாமா, போன் என்ன பண்ணணும், இது மட்டும் சொல்லுங்க, போதும். நான் ஆடியன்ஸா போய் உக்காரும்போது எனக்கு எரிச்சல் வர்றது ஆரம்பத்துலயே ஒருத்தர் மைக்கைப் பிடிச்சு "இது தனிமையைப் பத்தின படைப்பு"ன்னு சொல்லும்போதுதான், அதுக்கப்புறம் எந்த சத்தம் வந்தாலும் அது தனிமையாத்தான் கேக்குது, என் காதால கேக்க விடமாட்டேங்குறாங்க.

மரக்கை:

ஓசைப்பிரியன், நல்ல பாயிண்ட், ஆனா கன்னிங்ஹாமோட டான்ஸர் உயிரோட இருக்கிற மனுஷன். மியூசிக்கை அவன் சட்டை பண்ணலன்னாலும் அவன் உயிரோட இருக்கான்னு யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. பொம்மைக்கு அந்த வசதி கிடையாது. ஒவ்வொரு நிமிஷமும் தான் உயிரோட இருக்கேன்னு அது காட்டிட்டே இருக்கணும், அதுக்கு சுலபமான வழி சுத்தி நடக்கிறதை கவனிக்கிறது. ஒரு தடவை அதை நல்லா நிறுவிட்டீங்கன்னா, அப்புறம் நீங்க சொல்ற மாதிரி சம்பந்தம் இல்லாம ஓட விடலாம், அப்ப அது இன்னும் வலுவா இருக்கும். காது கேக்குற பொம்மை ஒரு சத்தத்தை வேணும்னே கண்டுக்காம இருந்தா அது ஒரு முடிவு. முதல்லேருந்தே எதையும் கேக்காத பொம்மை ஒரு கட்டை.

ஒவ்வொரு சத்தத்துக்கும் திரும்பக் கூடாதுன்னு நீங்க சொன்னது ரொம்ப சரி. பத்துல ஒண்ணுக்கு திரும்பினாலே போதும், மிச்ச ஒன்பதும் அதுக்கு கேட்டிருக்கும்னு ஆடியன்ஸே எடுத்துக்கும்.

அப்புறம் இசையும் பொம்மையும் யாருக்கு யார் அடிமைங்கிற இந்த விஷயத்தை பழைய மரபுகள் எப்படி தீர்த்திருக்குன்னு பாக்கிறது உபயோகமா இருக்கும். ஜாவாவுல வயாங் குலித்ங்கிற நிழல் பொம்மலாட்டத்துல பொம்மை ஆட்டுற தலாங்தான் கமெலான்ங்கிற வாத்தியக் குழுவுக்கும் கண்டக்டர். ரெண்டு கையிலயும் பொம்மை இருக்கும், அதனால கால் விரல் இடுக்குல ஒரு மரச்சுத்தியலைப் பிடிச்சு பொம்மைப் பெட்டியில தட்டி வாசிக்கிறவங்களுக்கு சிக்னல் கொடுப்பார், உலோகத் தகடுகளை காலால தட்டி சண்டைக்கு சத்தமும் போடுவார். ஆட்டம் வேற, தாளம் வேறன்னு அங்க பிரிக்கவே முடியாது. ஜப்பானோட புன்ராகு பொம்மலாட்டத்துல ஒரு பொம்மைக்கு மூணு பேர், தலையும் வலது கையும் ஒருத்தர், இடது கை ஒருத்தர், கால் ஒருத்தர். அந்த கால் ஆட்டுறவர் பொம்மை நடக்கும்போது தன்னோட காலால தரையைத் தட்டி காலடிச் சத்தம் கொடுப்பார். கதை சொல்றவரும் ஷாமிசென்ங்கிற மூணு கம்பி வாத்தியம் வாசிக்கிறவரும் ஓரமா தனி மேடையில எல்லாருக்கும் தெரியிற மாதிரி உக்காந்திருப்பாங்க, யாரும் ஒளிஞ்சுக்கிறது இல்ல. தமிழ்நாட்டு பொம்மலாட்டத்துல பொம்மை பத்து கிலோ வரைக்கும் கனம் வரும், நூல் எல்லாம் ஆட்டுறவர் தலையில மாட்டியிருக்கிற இரும்பு வளையத்துல கட்டியிருக்கும், கைக்கு மட்டும் தனியா கம்பி. அவர் தலையசைச்சா பொம்மையோட முழு உடம்பும் அசையும், தாளம் அவர் கழுத்து வழியாத்தான் பொம்மைக்கு போகுது. இதுல எதையும் காப்பி அடிக்க சொல்லல, ஆனா உங்க ரெண்டு பேர்ல யாரோ ஒருத்தர் ஒரு தடவையாவது மத்தவங்க வேலையில கை வைக்கணும்னு தோணுது. அவங்க பொம்மை கையால உங்க தகரத்தைத் தட்டட்டுமே.

ஈயமுனை:

ஒலி சம்பந்தப்பட்டதை நான் சொல்றேன், அதுதான் என் தொழில்.

மரக்கை கடைசியா சொன்னதுலேருந்தே ஆரம்பிக்கலாம். மேஜைக்கு அடியில ஒரு கான்டாக்ட் மைக் ஒட்டுங்க. பொம்மையோட மரக்கை மேஜையில படும்போது, நகம் மாதிரி சுரண்டும்போது வர்ற சத்தம் காத்துல கேட்டா ஒண்ணுமே இருக்காது, பலகை வழியா எடுத்தா பெரிய உலகமே இருக்கும். அந்த சிக்னலை உங்க லூப்பருக்குள்ள விடுங்க. அப்ப பொம்மையே வாசிக்குது, நீங்க அதைத் திருப்பிக் கொடுக்கிறீங்க, பொம்மை தன்னோட பழைய காலடியைக் கேட்டு திரும்பிப் பாக்கலாம். உங்க முதல் கேள்விக்கு என் பக்கத்து பதில் இதுதான்.

கான்டாக்ட் மைக்கா வேலை செய்யற வட்டத் தகடு, அதான் பீசோ டிஸ்க், அதை நேரா மைக் இன்புட்ல குத்தாதீங்க. 27 மில்லிமீட்டர் டிஸ்க் ஒண்ணு சுமார் 20 நானோஃபாரட் கெப்பாசிட்டர் மாதிரி நடந்துக்கும். மைக் இன்புட்டோட இம்பிடன்ஸ் (சிக்னலுக்கு அது காட்டுற மின்தடை) 2 கிலோஓம் பக்கம், ரெண்டும் சேர்ந்தா 4 கிலோஹெர்ட்ஸுக்கு கீழ எல்லாம் இறங்க ஆரம்பிச்சுடும், அதனாலதான் நிறைய பேருக்கு கான்டாக்ட் மைக்னாலே கீச்சுன்னு தகரமா கேக்குது. கிட்டாருக்கு இருக்கிற 1 மெகாஓம் இன்புட்ல போட்டா கணக்குப்படி 8 ஹெர்ட்ஸ் வரைக்கும் இறங்கும், மரத்தோட கனம் அப்பதான் வரும். கேபிள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு சின்னதா வைங்க, லைட் டிம்மர் இருக்கிற பிளக்குலயே மிக்ஸரைப் போடாதீங்க, இல்லன்னா லைட் மங்கும்போதெல்லாம் ர்ர்ர்னு ஒரு இரைச்சல் வரும். அதுவும் ஒரு சத்தம்தானேன்னு நீங்க நினைக்கலாம், ஆனா நீங்க கூப்பிடாம வர்ற சத்தம், ஷோ முழுக்க உக்காந்திருக்கும்.

ஸ்பீக்கர் எங்க வைக்கிறீங்கன்னு ரொம்ப முக்கியம். பொம்மைக்கு காது கேக்கணும்னா சத்தம் அது பக்கத்துல, அதோட உலகத்துக்குள்ள எங்கயாவதுலேருந்து வரணும். ரெண்டு மூலையில ரெண்டு பெரிய ஸ்பீக்கர் வச்சு எல்லாத்தையும் அதுல விட்டா பொம்மை எந்தப் பக்கம் திரும்பினாலும் பொய்யாத்தான் இருக்கும். சின்ன ஸ்பீக்கர் ஒண்ணு மேஜைக்கு அடியில, ஒண்ணு ரூமோட பின்பக்கம் ஆடியன்ஸுக்கு பின்னாடி, முடிஞ்சா இன்னொண்ணு ஓரத்துல, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா சத்தம் அனுப்புங்க. பெரிய ஸ்பீக்கர் கண்டிப்பா வேணும்னா அதை 10லேருந்து 15 மில்லிசெகண்ட் லேட்டா வரவைங்க, நம்ம காது முதல்ல வந்து சேர்ற சத்தம் எந்த திசையோ அதைத்தான் பிடிச்சுக்கும், அதனால சத்தம் மேஜையிலேருந்தே வர்ற மாதிரி இருக்கும்.

அளவு பத்தி கேட்டீங்க. சின்ன ரூம்ல உடம்பு அதிர்ற அளவுக்கு வைக்கணும்னு ஆசை வரும், எனக்கும் பிடிக்கும், ஆனா கணக்கு இதுதான்: 85 டெசிபல்னா எட்டு மணி நேரம் தாங்கலாம்னு வச்சிருக்காங்க, ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும், 100 டெசிபல்ல 15 நிமிஷம்தான். அதனால சத்தமான பகுதி இருந்தா சுருக்கமா வைங்க, வாசல்லயே காதடைப்பான் கொடுங்க. கீழ் ஸ்தாயியில கவனம் வேணும், நாலு மீட்டர் அகலமான ரூம்ல 43 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு ட்ரோன் விட்டா சுவத்தோரம் உக்காந்தவங்களுக்கு வயித்தைப் பிசையும், நடுவுல இருக்கிறவங்களுக்கு ஒண்ணுமே கேக்காது. இசையமைப்பாளர் ஆல்வின் லூசியர் 1969ல ஒரு ரூம்ல தன் பேச்சைப் பதிவு பண்ணி, அதை அதே ரூம்ல ஓடவிட்டு மறுபடி பதிவு பண்ணி, அப்படியே திரும்பத் திரும்ப பண்ணி பேச்சு மறைஞ்சு ரூமோட குரல் மட்டும் மிஞ்சுற வரைக்கும் கொண்டு போனார். உங்க ரூமுக்கும் அப்படி ஒரு குரல் இருக்கு, ரிகர்சலை வேற இடத்துல பண்ணாம அதே ரூம்ல பண்ணுங்க.

நிழல்வரிசை:

லைட் பத்தி யாரும் சொல்லல, சுருக்கமா சொல்றேன். மேலேருந்து நேரா லைட் விழுந்தா பொம்மையோட கண்ணு குழியில நிழல் விழுந்து முகமே செத்துடும். ஓரத்துலேருந்து, முகத்து உயரத்துக்கு கொஞ்சம் மேல, ஒரு பக்கம் கூட ஒரு பக்கம் கம்மியா ரெண்டு லைட் போதும். ஆட்டுறவங்க முகத்துல விழாம தட்டி மறைச்சுக்கோங்க. பொம்மைக்கு வார்னிஷ் பளபளப்பா இருந்தா மினுக்கும், மங்கலான பூச்சு நல்லது.

தரையில பண்றதால மூணாவது வரிசைக்கு பொம்மையோட இடுப்பே தெரியாது. முதல் வரிசை தரையில, ரெண்டாவது நாற்காலியில, மூணாவது உயரமான ஸ்டூல்ல உக்காரட்டும், மேஜை ஒரு மீட்டருக்கு குறையாம இருக்கட்டும். ஒவ்வொரு சீட்டுலயும் உக்காந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க. இருட்டாக்குனாலும் வெளிய போற வழி தெரியணும், கேபிள் எதுவும் வழியில கிடக்கக் கூடாது.

தகரச்சத்தம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நினைச்சதை விட நிறைய கிடைச்சுது. மரக்கை சொன்ன மூச்சுப் பயிற்சியை நேத்து செஞ்சோம். முதல்ல ஒரு மாதிரி இருந்துச்சு, கொஞ்ச நேரத்துல நான் தகரத்தைத் தேய்க்கிற கையும் அவ மணிக்கட்டும் ஒண்ணா போக ஆரம்பிச்சுது. அப்புறம் நான் வேணும்னே நிறுத்தினேன், பொம்மை மூச்சைப் பிடிச்சுக்கிட்டு என் பக்கம் மெல்ல திரும்புச்சு. எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு, நான் அடுத்து என்ன வாசிக்கணும்னு அது காத்திருந்த மாதிரி இருந்துச்சு. அந்த இடத்துல நான் வாசிச்சதை எந்த ரீரெக்கார்டிங்னும் சொல்ல முடியாது, அவளும் அதையே சொன்னா.

ஈயமுனை, மேஜை மைக் யோசனை கேட்டதும் இன்னொண்ணு தோணுச்சு. பொம்மையோட நெஞ்சுக்குள்ளயே ஒரு சின்ன ஸ்பீக்கர் வச்சா என்ன? எடிசன் 1890ல பேசுற பொம்மை வித்தாரே, தகர உடம்புக்குள்ள குட்டி போனோகிராஃப், முதுகுல ஒரு கைப்பிடி, சுத்தினா மெழுகு சிலிண்டர்லேருந்து குழந்தைப் பாட்டு வரும். சில வாரத்துலயே விற்பனையை நிறுத்திட்டாங்க, சத்தம் சீக்கிரமே தேய்ஞ்சு போச்சு, கேக்கவும் கொஞ்சம் பயமா இருந்துச்சு. மிஞ்சி இருந்த அபூர்வ சிலிண்டர்களை ஊசியே படாம படமெடுத்து கம்ப்யூட்டர்ல சத்தமா மாத்தி 2015ல வெளியிட்டாங்க. அதைக் கேட்டதுலேருந்து பொம்மையோட குரல் பொம்மைக்குள்ளேருந்தே வரணும்னு ஒரு ஆசை.

இன்னொரு கேள்வி, அமைதி. மரக்கை சொன்ன மாதிரி நான் வாசிக்காம விடுற இடத்துல ஃபேன் சத்தமும் இருமலும்தான் பெருசா கேக்குது. அதை என்ன பண்றது?

ஓசைப்பிரியன்:

ஒண்ணும் பண்ணாதீங்க, அதையும் பொம்மைக்கு கேக்க விடுங்க. 1952 ஆகஸ்ட் 29ல வுட்ஸ்டாக்ல பியானோ கலைஞர் டேவிட் டியூடர் கேஜோட 4 நிமிஷம் 33 செகண்ட் அமைதிப் படைப்பை முதல் தடவை மேடையேத்தினப்போ, முதல் பகுதியில வெளிய காத்து சத்தம், ரெண்டாவதுல கூரையில மழைத்துளி, மூணாவதுல ஜனங்க பேசிக்கிட்டதும் எழுந்து போனதும் கேட்டுச்சுன்னு கேஜே பின்னாடி சொல்லியிருக்கார். உங்க ஷோவுல யாராவது இருமினா பொம்மை அவங்க பக்கம் மெதுவா திரும்பிப் பாக்கட்டும். கேலி பண்ற மாதிரி இல்லாம, அக்கறையா. நேத்து வரைக்கும் பொம்மைக்கு காது வேண்டாம்னு வாதாடினவன் இதைச் சொல்றேன், இந்த இடத்துல மரக்கை சொன்னதுதான் சரி, ஆடியன்ஸோட இருமலுக்கு பொம்மை திரும்பிப் பாத்தா அந்த நாற்பது பேரும் அதோட உலகத்துக்குள்ள வந்துடுவாங்க.

மரக்கை:

ஆமா, ஆனா ராத்திரிக்கு ஒரு தடவை, கூடிப்போனா ரெண்டு தடவை. அதுக்கு மேல போனா ஜனங்க வேணும்னே இரும ஆரம்பிச்சுடுவாங்க.

நேரம் கேட்டிருந்தீங்க, யாரும் பதில் சொல்லல. பொம்மை மட்டும் தொடர்ந்து இருபது நிமிஷம், அதுக்கு மேல ஆட்டுறவங்க கை நடுங்க ஆரம்பிக்கும், கை நடுங்கினா மூச்சு போச்சு. நடுவுல நீங்க தனியா வாசிக்கிற பகுதி ஒண்ணு வைங்க, அவங்களுக்கு ஓய்வு கிடைக்கும். ஆனா அந்த நேரத்துல பொம்மையை மேஜையில குப்புறப் போட்டுட்டு போகாதீங்க, அதுவரைக்கும் நம்ப வச்சது எல்லாம் வீணாயிடும். ஒரு சின்ன ஸ்டாண்ட் செஞ்சு உங்க பக்கம் முகம் திரும்பி உக்கார வைங்க. மொத்தம் முக்கால் மணி நேரத்துல முடிச்சுக்கோங்க. முடிஞ்சதும் விருப்பப்பட்டவங்க கிட்ட வந்து பொம்மையையும் தகரத்தையும் தொட்டுப் பாக்கட்டும், சின்ன இடத்துல மட்டும்தான் அது முடியும்.

நெஞ்சுக்குள்ள ஸ்பீக்கர் வைக்கிறதா இருந்தா கனத்தைப் பாத்துக்கோங்க. நூறு கிராம் கூடினாலே மணிக்கட்டுல தெரியும், அதுவும் எடை மேல போயிட்டா பொம்மை முன்னாடி சாயும். இடுப்புக்கிட்ட, கீழ வைக்கச் சொல்லுங்க.

ஈயமுனை:

இடுப்புல வச்சாலும் கேக்கும், பரவாயில்ல. 40 மில்லிமீட்டர் ஸ்பீக்கர் போதும், துணி உடம்புக்குள்ள ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவுல அடைச்சு வைங்க, திறந்தபடி விட்டா குரல் மெலிஞ்சு போயிடும். பேட்டரி ஆம்ப் (சிக்னலைப் பெருக்கிக் கொடுக்கிற பெட்டி) பொம்மைக்குள்ள வேண்டாம், கனம். மெல்லிசா ரெண்டு வயர் முதுகு வழியா ஆட்டுறவங்க சட்டைக் கைக்குள்ள இறக்கி, அவங்க இடுப்புல ஆம்பைக் கட்டிடுங்க. மேஜை மைக்கும் பொம்மை ஸ்பீக்கரும் ஒரே நேரத்துல திறந்திருந்தா பொம்மை மேஜையைத் தொடும்போது ஃபீட்பேக் வரும், அதாவது ஸ்பீக்கர் சத்தமே மைக்ல திரும்பப் போய் சுத்திச் சுத்தி ஊளையிடும். அதை முன்கூட்டியே தெரிஞ்சு வச்சுக்கிட்டா நல்ல கருவி அது, பொம்மை கையை வச்சா ஊளையிடும், எடுத்தா நிக்கும். அந்த சேனலுக்கு மட்டும் ஒரு லிமிட்டர் (சத்தம் ஒரு அளவைத் தாண்டாம பிடிச்சு வைக்கிறது) போட்டு, ஃபேடர்ல, அதான் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற தள்ளுகட்டையில, ஒரு விரல் வச்சுக்கோங்க. ரிகர்சல்ல அந்த அளவைக் கண்டுபிடிச்சு மிக்ஸர்ல டேப் ஒட்டி குறிச்சிடுங்க.